கடல் முயலின் கடைசிப் பயணம்

அமெரிக்காவின் மயாமி நகரை ஒட்டிய வர்ஜீனியா கீ தீவில், மயாமி பல்கலைக்கழகத்தின் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்குள்ள தொட்டிகளில் மஞ்சள் நிறத்தில், பிழிந்து வைத்த இடியாப்பம் போல ஒரு சுருள் கிடக்கும். அது ஒரே இழைதான். சிக்கெடுத்து நீட்டினால் நீண்டுகொண்டே போகும். அந்த இழைக்குள் இலட்சக்கணக்கான முட்டைகள். நினைவு என்பது உடம்பில் எங்கே தங்குகிறது என்பதை உலகுக்குக் காட்டிய ஓர் உயிரின் பயணம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த உயிரின் பெயர் அப்லிசியா கலிபோர்னிகா. ஓடு வெளியே தெரியாத கடல் நத்தை. தலையில் முயல் காது போல இரண்டு கொம்புகள் நிற்பதால் கடல் முயல் என்பார்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஒரு மாதத்துக்கும் மேல் நீரில் மிதந்து, நுண்பாசிகளைத் தின்று வளரும். பிறகு தரையிறங்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் சிவப்புக் கடற்பாசி என்று 1974இல் கிரீக்ஸ்டைன், காஸ்டெலூச்சி, கேண்டல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆய்வகத்திலேயே வளர்த்துக் காட்டினார்கள். பாசி கிடைத்ததும் குஞ்சு அதன்மேல் இறங்கும்; நீந்தும் உறுப்பை உதிர்த்துவிட்டு ஊரத் தொடங்கும். அதுவரை ஆய்வகங்கள் கலிபோர்னியக் கடலையே நம்பியிருந்தன. முட்டை முதல் முதுமை வரை வரலாறு தெரிந்த விலங்கை வளர்க்க இந்த ஒரு பாசிதான் வழி திறந்தது.

ஆனால் இதன் குலத்துக்குப் பழைய கெட்ட பெயர் ஒன்று உண்டு. ரோமானியர்கள் கடல் முயலை நஞ்சின் வடிவமாகவே பார்த்தார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி அதைக் கொடிய விஷம் என்று எழுதினார். தித்துஸ் மன்னனுக்கு அவன் தம்பி தொமிசியன் கடல் முயல் நஞ்சு கொடுத்துக் கொன்றான் என்றும் ஒரு பழைய கதை. இரண்டாம் நூற்றாண்டில் அபூலேயுஸ் என்ற எழுத்தாளர்மேல் சூனிய வழக்கு வந்தபோது, கடல் முயலைத் தேடி ஆள் அனுப்பினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இந்தக் குலத்தில் ஓர் இனத்துக்கு வைத்த அறிவியல் பெயரே ‘முடியை உதிர்ப்பது’ என்று பொருள்படும். தொட்டால் முடி கொட்டும் என்று அவ்வளவு பயம்.

பயத்துக்கு ஒரு காரணம் அதன் மை. சீண்டினால் ஊதா நிறத்தில் புகை போலப் பீய்ச்சும். அந்த நிறம் அது தின்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுத்துக்கொண்டது. மையோடு பிசுபிசுப்பான இன்னொரு திரவமும் வரும். தாக்க வந்த சிங்கிறால் கடல் முயலை விட்டுவிட்டு, இரை கிடைத்ததாக நினைத்து அந்தத் திரவத்தையே துழாவிக்கொண்டிருக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் கண்டார்கள். வெளியே ஓடில்லாத உயிருக்கு அதுதான் கவசம்.

இந்த விலங்கு நரம்பு ஆய்வுக்குள் வந்தது பிரான்சு வழியாக. கெய்ரோவில் பிறந்த கிரேக்கப் பெண் விஞ்ஞானி ஆஞ்செலிக் அர்வனிதாகியும், பாரிசில் லாதிஸ்லாவ் தாவுக்கும் இதன் நரம்பணுக்களில் வேலை செய்துவந்தார்கள். 1962இல் எரிக் கேண்டல் தாவுக்கிடம் போனார். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, ஒன்பது வயதில் அமெரிக்காவுக்கு வந்த யூதச் சிறுவன் அவர். வளர்ந்து மனநல மருத்துவம் படித்தவர். மனித மனத்தை அறிய விரும்புகிறவர் நத்தையைப் பார்க்கப் போவது வீண் வேலை என்று உடன் இருந்தவர்களே எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. கேட்காமல் போனது நமக்கு நல்லதாயிற்று.

அவர் நத்தையைத் தேர்ந்ததன் காரணம் எளியது. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். கடல் முயலுக்கு மொத்தமே ஏறத்தாழ 20,000. சில அணுக்கள் ஒரு மில்லிமீட்டர் வரை பெரியவை; வெறுங்கண்ணால் பார்க்கலாம். அதைவிட முக்கியம், ஒரு கடல் முயலில் இருக்கும் அணு அடுத்த கடல் முயலிலும் அதே இடத்தில் இருக்கும். ஊரில் வீட்டுக்குக் கதவெண் இருப்பது போல அவற்றுக்கும் ஆர்2, ஆர்15, எல்7 என்று எண் இருக்கிறது.

பண்ணையில் வளர்ந்த விலங்கு கடல்நீரும் ஆக்சிஜனும் அடைத்த பிளாஸ்டிக் பையில், குளிர்ப்பொதி வைத்த தெர்மாகோல் பெட்டியில் ஆய்வகம் போய்ச் சேரும். மேசையில் அதன் உடலுக்குள் மெக்னீசியம் குளோரைடு கரைசலை ஊசியால் செலுத்துவார்கள். நரம்பும் தசையும் அடங்கும். கெட்டியாகச் சுருண்டு கிடந்த உடல் மெல்ல நீண்டு, துவண்டு, ஈரத்துணி போல ஆகிவிடும். வெட்டித் திறந்து, வயிற்று நரம்பு முடிச்சை எடுத்துத் தட்டில் ஊசியால் பொருத்துவார்கள். நுண்ணோக்கியின் கீழே அது ஆரஞ்சு நிற உருண்டைகள் நெருக்கியடித்த சிறு கொத்து.

கேண்டல் குழு தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு அனிச்சைச் செயலை. நீர்க்குழலைத் தொட்டால் கடல் முயல் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப மெல்லத் தொட்டால் பழகிப்போய், இழுப்பது குறையும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால், அடுத்து மெல்லத் தொட்டாலும் வேகமாக இழுக்கும். அந்த அச்சம் சில நிமிடங்களில் போய்விடும். அதிர்ச்சியை இடைவெளி விட்டு நான்கைந்து முறை, சில நாட்கள் கொடுத்தால் வாரக்கணக்கில் போகாது. 1970இல் இதன் முதல் கட்டுரைகள் வெளிவந்தன. பிறகு கிரேக் பெய்லியும் மேரி சென்னும் மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தார்கள். பயிற்சி பெறாத விலங்கில் ஓர் உணர்வு நரம்பணுவுக்குச் சுமார் 1,300 இணைப்புகள். பயிற்சி பெற்றதில் ஏறத்தாழ 2,700. கற்றுக்கொண்டது உடம்பில் புதிதாக முளைத்திருந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட விலங்கிடம் நஞ்சுகளையே கருவிகளாக்கிக் கேள்வி கேட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருக்கும் இடம். 1986இல் ஒரு சோதனை. கிண்ணத்தில் இரண்டே நரம்பணுக்கள். ஒன்று உணர்வது, ஒன்று இயக்குவது. ஒருமுறை செரோடோனின் என்ற நரம்பு வேதிப்பொருளை விட்டால் இணைப்பு சிறிது நேரம் வலுக்கும். ஐந்து முறை விட்டால் ஒரு நாளுக்கும் மேல். புரத உற்பத்தியை முடக்கும் நஞ்சைச் சேர்த்தபோது ஒருமுறை விட்டதன் விளைவு அப்படியே இருந்தது. ஐந்து முறை விட்டதன் விளைவு மட்டும் வரவே இல்லை. நிலைத்த நினைவுக்கு உடல் புதிய புரதம் செய்தாக வேண்டும் என்பது அங்கே தெரிந்தது. 1988இல் பிரான்சில் தாவுக் குழு, கெட்டுப்போன டப்பா உணவில் உருவாகி உயிரைக் குடிக்கும் போட்டுலினம் நஞ்சை இந்தப் பெரிய அணுக்களில் சோதித்தது. அந்த நஞ்சு வெளியே நின்று தாக்குவதில்லை. தன் பெரிய புரதச் சங்கிலியின் துணையால் அணுவுக்குள் நுழைந்து, உள்ளேயிருந்தே நரம்புச் செய்தியை அடைக்கிறது என்று காட்டியது. அணுவுக்குள்ளேயே ஊசி செலுத்தும் அளவுக்குப் பெரிய நரம்பணுக்கள் இருந்ததால் முடிந்த வேலை அது. அதே நஞ்சு மிகச் சிறிய அளவில் இன்று மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்து.

2000இல் கேண்டலுக்கு நோபல் பரிசு கிடைத்தது, கார்ல்சன், கிரீன்கார்ட் என்ற விஞ்ஞானிகள் இருவரோடும் சேர்த்து.

கடல் முயலின் ஆயுள் சுமார் ஓராண்டு. ஆய்வகக் கட்டுரையில் அதற்குக் கிடைப்பது செய்முறைப் பகுதியில் ஒரு வரி: எங்கிருந்து வாங்கியது, எத்தனை கிராம் எடை. நிதி தந்தவர்களுக்குக் கட்டுரையின் முடிவில் தனியாக நன்றி இருக்கும். பல்லாயிரம் கடல் முயல்களை வெட்டித்தான் நம் நினைவைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டோம். அந்த நன்றியில் அவற்றுக்கும் ஒரு வரி எழுதத் தொடங்க வேண்டும்.