அழுகிய ஆப்பிளில் இருந்த எதிரி

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு புழுவின் வரலாறு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல். அழுகும் பழங்களிலும் மட்கும் தழைகளிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் உருளைப்புழு. ஒன்றைக் கூர்ந்து பார்க்கும் அறிவியல், அதன் அருகிலேயே இருக்கும் இன்னொன்றை எப்படிக் காணாமல் விடுகிறது என்பதை இந்தப் புழுவை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

1951ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்ட புழுக்களின் வாரிசுகள் பல கைகள் மாறி கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரிடம் வந்துசேர்ந்தன. சிங்கப்பூர் நண்பர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அந்நாட்டின் உயிரறிவியல் ஆய்வுகளுக்கு வழிகாட்டியவர். 2019ல் அங்கேயே காலமானார். 1974ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், என்2 என்ற பெயருடன் அந்தப் பிரிஸ்டல் வம்சம் உலக ஆய்வகங்களின் பொதுச்சொத்தாயிற்று. அதன் 302 நரம்பணுக்களும் எண்ணப்பட்டன. 1998ல் அதன் மரபணுத்தொகை வாசிக்கப்பட்டது. விலங்குகளில் அதுவே முதல்.

அதே 1998ல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரின் குழுக்களும் ஒரு விந்தையை அறிவித்தன. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் புழுவுக்குள் செலுத்தினால், அதற்கு ஒத்த மரபணு வாயடைத்துப்போகிறது. 2006ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் பெருகும்போது இத்தகைய இரட்டை இழைகள் உருவாகும். ஆகவே இது வைரஸுக்கு எதிரான ஆயுதமாக இருக்கலாம் என்று பலரும் கருதினர். ஆனால் இந்தப் புழுவை இயற்கையில் தொற்றும் ஒரு வைரஸைக்கூட அதுவரை எவரும் கண்டதில்லை. கோட்டை இருந்தது, அகழி இருந்தது, எதிரியைத்தான் காணோம்.

எதிரி கண்ணில் படாததற்குச் சுத்தமும் ஒரு காரணம். வெளியிலிருந்து கொண்டுவரும் புழுக்களை ஆய்வகங்களில் ப்ளீச் கரைசலில் இடுவது வழக்கம். புழு கரைந்துவிடும், முட்டைகள் மட்டும் பிழைக்கும். அவற்றிலிருந்து தூய தலைமுறை தொடங்கும். தாயிடம் என்ன நோய் இருந்தது என்பதும் அந்தக் கரைசலோடு போய்விடும்.

பிரான்சின் மாரி-ஆன் ஃபெலிக்ஸ் தோட்டங்களில் அழுகிய பழங்களைப் பொறுக்கிப் புழுக்களைத் தேடியவர். பாரிஸை அடுத்த ஒர்சேயில், அழுகிய ஆப்பிள் ஒன்றில் கிடைத்த புழுக்களின் குடலணுக்கள் சிதைந்திருந்தன. பாக்டீரியாவோ பூஞ்சையோ தென்படவில்லை. அவற்றின் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத நுண்வடிகட்டியில் வடித்து ஆரோக்கியமான புழுக்களுக்குக் கொடுத்தபோது அவையும் நோயுற்றன. ப்ளீச் செய்தால் அடுத்த தலைமுறையில் நோய் இல்லை. 2011ல் ஃபெலிக்ஸும் சக ஆய்வாளர்களும் அதை ஒர்சே வைரஸ் என்று உலகுக்கு அறிவித்தனர்.

அடுத்த கேள்வி எனக்கு இன்னும் முக்கியமானது. எல்லாப் புழுக்களும் இந்த வைரஸை ஒரேபோல எதிர்க்கின்றனவா? ஃபெலிக்ஸும் கேம்பிரிட்ஜின் எரிக் மிஸ்காவும் அவர்களது குழுக்களும் உலகின் பல இடங்களில் சேகரித்த காட்டுவம்சங்களுக்கு வைரஸைக் கொடுத்துப் பார்த்தனர். சிலவற்றில் வைரஸ் தலையெடுக்கவே இல்லை. சிலவற்றில் பெருகிக் குவிந்தது. அந்த வேறுபாட்டின் பெரும்பங்கு டி.ஆர்.எச்-1 என்ற ஒரே மரபணுவில் இருந்ததை 2013ல் வெளியிட்டனர். எளிதில் தொற்றுக்கு ஆளான வம்சங்களில் அந்த மரபணுவின் 159 எழுத்துகள் விடுபட்டிருந்தன. வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, அதை வெட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் காவலாளி அது. நம் உடலில் ரிக்-ஐ என்ற புரதம் அதன் உறவினர். அங்கும் அதன் வேலை காவல்தான்.

பிரிஸ்டல் புழுவில் அந்தக் காவலாளி முழுமையாக இருக்கிறது. ஒர்சே புழுவில் ஊனமாக இருக்கிறது. பிரிஸ்டலை மட்டும் பார்த்தவர் 'இந்தப் புழுவுக்கு வைரஸ் ஒரு பொருட்டே அல்ல' என்று எழுதியிருப்பார். ஒர்சேயை மட்டும் பார்த்தவர் நேர்மாறாக எழுதியிருப்பார். இருவர் கணக்கும் துல்லியமாக இருந்திருக்கும், இனத்தைப் பற்றிய முடிவு மட்டும் பிழைத்திருக்கும். இந்த வைரஸ் புழுவைச் சட்டென்று கொல்வதில்லை. புழுக்கள் பெரும்பாலும் தம்மைத்தாமே கருவுறச்செய்து பெருகுபவை. ஆகவே ஊனமுற்ற மரபணுவும் வம்சத்தில் அப்படியே இறங்கிவர இடமிருக்கிறது.

வரலாறு படிப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். ஓர் ஊரின் கல்வெட்டை வைத்து நாடு முழுவதன் வாழ்வையும் எழுதிவிடுகிறோம். மருத்துவத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. இதுவரை நடந்த பெரிய மனித மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். கோலாலம்பூரிலோ டொரண்டோவிலோ வாழும் ஒரு தமிழரின் நோய் அபாயத்தை அந்தக் கணக்கை வைத்து மதிப்பிடும்போது, அது யாரை எண்ணிப் போட்ட கணக்கு என்று நாம் கேட்டாக வேண்டும்.