சோலினாய்டு இடம் மாறிய கதை

ஹேண்டில் போட்டுச் சுற்றிக் காரைக் கிளப்பிய காலத்தில், என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தபோது அந்தப் பயம் போயிற்று. வேறொரு சங்கடம் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். 300 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.3 வோல்ட் காணாமல் போகும். அவ்வளவு மின்சாரத்துக்கான தடித்த கேபிளை டேஷ்போர்டு வரை இழுத்துவந்து சுவிட்ச் வைப்பது நடக்கிற காரியமா?

கனமான சுவிட்சை என்ஜின் பக்கமே விட்டுவிட்டு, ஓட்டுபவர் கைக்கு ஓர் இழுகம்பியைக் கொடுத்தார்கள். 1955இல் வந்த எம்.ஜி.ஏ.யிலும் 1958 ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டிலும்கூட டேஷ்போர்டுக் குமிழை இழுத்துத்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும்.

சோலினாய்டு இந்த வேலையை இழுகம்பி இல்லாமல் செய்தது. சுருளில் சிறு மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டு உள்ளே இழுபட்டு, இரண்டு தடித்த செப்பு முனைகளை இணைத்துவிடும். 1953 டிரையம்ப் டி.ஆர்.2இல் அது என்ஜின் அறையின் பின்சுவரில், பாட்டரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பானெட்டைத் திறந்தால் கண்ணெதிரே தெரியும்.

லூகாஸ் செய்த இந்தச் சோலினாய்டுகள் பலவற்றில் ரப்பர் தொப்பி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் என்ஜின் சுழலும். சாவி வேண்டாம், உள்ளே உட்கார ஓர் ஆளும் வேண்டாம். என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி டேப்பட் இடைவெளி பார்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கியர் மட்டும் நியூட்ரலில் இருக்க வேண்டும். மறந்தால் கார் உங்கள் மேலேயே வரும்.

அன்றைய ஸ்டார்ட்டர்களில்தான் குறை. மோட்டார் சட்டென்று சுழலும் வேகத்தில் பினியன் என்ற சிறு பற்சக்கரம் திருகுமரை வழியே ஓடிப்போய் ஃபிளைவீலின் ரிங் கியரில் மோதும். பற்கள் தேயும், சில நேரம் பினியன் சிக்கிக்கொள்ளும். அதற்காகவே மோட்டார் தண்டின் பின்முனை சதுரமாக இருக்கும். ஸ்பானர் போட்டுத் திருகினால் விடுபடும்.

இதற்குத் தீர்வாக வந்த ஸ்டார்ட்டரில், சோலினாய்டே ஒரு கவையால் பினியனைத் தள்ளிப் பற்களில் கோத்த பிறகுதான் மோட்டாருக்கு மின்சாரம் விடும். தள்ளுகிற வேலை வந்ததும் அது மோட்டாரின் முதுகில் ஏற வேண்டியதாயிற்று. 1964 ஜாகுவார் ஈ-டைப் 4.2 இப்படி மாறியது, எம்.ஜி.பி. 1967இல் மாறியது. ரிங் கியர் பிழைத்தது, மெக்கானிக் மாட்டிக்கொண்டார். எம்.ஜி.பி.யில் ஸ்டார்ட்டர் இருப்பது வலப்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே. கழற்ற மேல் போல்ட்டுக்கு மேலிருந்து கைவிட வேண்டும், கீழ் போல்ட்டுக்குக் காரின் அடியில் படுக்க வேண்டும். ரப்பர் பொத்தானும் போயிற்று. பொறியியலாகப் பார்த்தால் புதியது மேல். வீட்டு வாசலில் தானே பழுது பார்ப்பவருக்குப் பழையதுதான் மேல் என்பேன்.

எந்த வகையானாலும், சோலினாய்டு ‘டக்’கென்று மட்டும் சொல்லி என்ஜின் சுழலாவிட்டால் உடனே கழற்றத் தொடங்காதீர்கள். முதலில் பாட்டரி முனைகளையும் என்ஜினின் எர்த் கேபிளையும் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கிப் பாருங்கள்.