வெனிஸிலிருந்து கொழும்புக்கு

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு ட்ரேஃபுஸ் வழக்கு தெரிந்திருக்கும். 1894-இல் அந்த யூத கேப்டன் கைதான சேதி வந்ததுமே, விசாரணைக்கு முன்பே, ஜனங்களில் பலர் அவரைத் துரோகி என்று முடிவு கட்டிவிட்டார்கள். எதுவார் த்ருமோன் என்பவர் 1892 முதல் நடத்திய 'லா லிப்ர் பரோல்' பத்திரிகைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. யூதன் அந்நியன், நாட்டைச் சுரண்டுகிறான் என்று அது ஓயாமல் எழுதியது.

இந்தச் சரக்கு விலைபோக ஊரில் யூதர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இலங்கையைப் பாருங்கள். நம் பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரைப் பக்கமிருந்து போய் அங்கே கடை வைத்த தமிழ் முஸ்லிம்களைக் கரையோரச் சோனகர் என்பார்கள். அநகாரிக தர்மபாலர் 1906-இல் தொடங்கிய 'சிங்கள பௌத்தயா' அவர்களைச் சுரண்டும் அந்நியர் என்று எழுதி வந்தது. யுத்த காலம் வேறு. விலைவாசி ஏறினால் கண்ணில் படுகிறவர் கடைக்காரர்தானே!

1915 மே மாதக் கடைசியில் கண்டியில் அவர்களுடைய பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலத்தில் ஏற்பட்ட தகராறு, சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. 4,000-க்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன.

ஜூன் மாதம் தர்மபாலர் லண்டன் சர்க்காருக்கு ஒரு கடிதம் எழுதினார். முஸ்லிம்கள் ஷைலாக் வழியில், யூதர்களைப் போலச் செழித்தார்கள் என்றார். புத்தகயாவை மீட்கப் பாடுபட்ட படிப்பாளி அவர். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வட்டிக்காரனை, கொழும்பில் துணிக்கடை வைத்த மரைக்காயருக்கு உவமையாக்கிவிட்டார்.