இந்தியாவில் பி.டி. பருத்தியும் உழவர் வருவாயும்

பி.டி. பருத்தி என்பது காய்ப்புழுக்களை எதிர்க்கும் வகையில் மரபணு மாற்றப்பட்ட பருத்தி ஆகும். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் மரபணு இதில் சேர்க்கப்பட்டுள்ளது. அப்பெயரின் சுருக்கமே 'பி.டி.'. செடியைத் தின்னும் புழுவின் குடலை இம்மரபணு உருவாக்கும் புரதம் சிதைப்பதால் புழு இறக்கிறது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை இப்புரதம் கட்டுப்படுத்துவதில்லை.

இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்ற முதல் மரபணு மாற்றப் பயிர் இதுவே. பத்தே ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் மிகப் பெரும் பகுதியை இது பிடித்தது. எனினும் இதனால் உழவருக்கு இலாபமா, நட்டமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

பின்னணி

1970இல் குஜராத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி. டி. பட்டேல் 'எச்-4' என்னும் வீரிய ஒட்டுப் பருத்தியை உருவாக்கினார். உலகில் வணிக அளவில் பயிரான முதல் வீரிய ஒட்டுப் பருத்தி இதுவாகும். இத்தகைய பருத்தியின் விதையை எடுத்துவைத்து மறு ஆண்டு விதைத்தால் அதே விளைச்சல் கிடைக்காது. எனவே ஆண்டுதோறும் கடையில் விதை வாங்கும் பழக்கம், பி.டி. பருத்தி வருவதற்கு முன்பே இந்திய உழவரிடையே வேரூன்றிவிட்டது.

1990களில் பருத்தியின் பெருஞ்சிக்கலாக இருந்தது அமெரிக்கன் காய்ப்புழு. பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு இப்புழு பழகிவிட்டதால், உழவர் மீண்டும் மீண்டும் மருந்தடிக்க நேர்ந்தது. சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடே கொண்ட பருத்தி, நாட்டின் பூச்சிமருந்துப் பயன்பாட்டில் பாதியளவை விழுங்கியதாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. 1997-98இல் ஆந்திரப் பிரதேசத்தின் வாரங்கல் பகுதியில் புழுத் தாக்குதலால் பயிர் அழிந்தது. கடனில் மூழ்கிய பருத்தி உழவர் பலர் தற்கொலை செய்துகொண்டனர்.

அனுமதி

மஹிகோ நிறுவனம் அமெரிக்காவின் மான்சாண்டோவிடமிருந்து பி.டி. பருத்தி விதையைப் பெற்று, அதன் மரபணுவைத் தன் ஒட்டு ரகங்களில் சேர்த்தது. களச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோதே, 2001 அக்டோபரில் குஜராத்தில் எதிர்பாராத செய்தி வெளியானது. நவபாரத் சீட்ஸ் விற்ற 'நவபாரத் 151' என்னும் பருத்தியில் அனுமதி பெறாத பி.டி. மரபணு இருந்தது. காய்ப்புழு பெருகிய அவ்வாண்டில் அப்பருத்தி வயல்கள் மட்டும் தப்பி நின்றதே சந்தேகத்தைக் கிளப்பியது. பயிரை அழிக்க அரசு ஆணையிட்டபோது உழவர் அதை எதிர்த்தனர்.

2002 மார்ச் 26 அன்று, மெக்-12, மெக்-162, மெக்-184 ஆகிய மூன்று பி.டி. ரகங்களுக்கு மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி அளித்தது. சாகுபடிக்கு அனுமதிக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தொடக்க ரகங்கள் எல்லா மண்ணுக்கும் பொருந்தவில்லை. ஆந்திரத்தில் இவை ஏமாற்றமளித்ததால், 2005இல் அம்மாநிலத்துக்கான அனுமதி புதுப்பிக்கப்படவில்லை.

விதை விலை

தொடக்கத்தில் 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலம் ஏறத்தாழ 1,600 ரூபாய்க்கு விற்கப்பட்டது. சாதாரண ஒட்டு விதையின் விலை 450 ரூபாய் அளவில் இருந்தது. வித்தியாசத்தின் பெரும்பகுதி தொழில்நுட்பத்துக்கான உரிமக் கட்டணமாகும். ஆந்திர அரசு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்த பின், 2006இல் விலை 750 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2015 டிசம்பரில் நடுவண் அரசு விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. 2016இல் 'போல்கார்டு 2' விதையின் விலை 800 ரூபாய் என்றும், அதில் உரிமக் கட்டணம் 49 ரூபாய் என்றும் வரையறுக்கப்பட்டது.

விதைக்கான பணம் விதைப்புக்கு முன்பே, பெரும்பாலும் கடனாக வாங்கிச் செலவிடப்படுகிறது. மழை பொய்த்து முளை கருகினால் மீண்டும் விதை வாங்க வேண்டும். எனவே ஒரே விலை ஏற்றம் பாசன உழவரைவிட மானாவாரி உழவரை அதிகமாகத் தாக்கியது.

விளைச்சல் உயர்வும் அதன் காரணங்களும்

2002-03இல் எக்டேருக்கு 302 கிலோவாக இருந்த இந்தியாவின் சராசரிப் பஞ்சு விளைச்சல், 2007-08இல் 554 கிலோவாக உயர்ந்தது. உற்பத்தி 136 இலட்சம் பேல்களிலிருந்து 307 இலட்சம் பேல்களானது. பஞ்சை இறக்குமதி செய்துவந்த நாடு பெரும் ஏற்றுமதியாளராக மாறியது.

இவ்வுயர்வில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். ஜோனாஸ் கதாகே, மாட்டின் கைம் ஆகியோர் 2002 முதல் 2008 வரை உழவர் குடும்பங்களிடம் திரட்டிய தரவை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டனர். பி.டி. பருத்தியால் ஏக்கருக்கு விளைச்சல் 24 விழுக்காடும், இலாபம் 50 விழுக்காடும் கூடியதாக அவர்கள் கணக்கிட்டனர்.

நாகபுரி நடுவண் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கே. ஆர். கிராந்தியும், மானுடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோனும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. பி.டி. பருத்தி பரவலாவதற்கு முன்பே விளைச்சல் ஏறத் தொடங்கிவிட்டது என்றும், உரப் பயன்பாடு, புதிய பூச்சிமருந்துகள் போன்றவையே உயர்வை நன்கு விளக்குகின்றன என்றும் அவர்கள் வாதிட்டனர். குஜராத்தில் தடுப்பணைகளும் சொட்டுநீர்ப் பாசனமும் பருத்திக்குத் துணைநின்றன. விதர்பா போன்ற மானாவாரிப் பகுதிகளுக்கு அத்தகைய நீர்வசதி இல்லை.

பி.டி. பருத்தியே உழவர் தற்கொலைகளுக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டும் பரவியது. 2008இல் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மதிப்பாய்வு இதை ஏற்கவில்லை. எனினும் தொடக்க ஆண்டுகளில் சில பகுதிகளில் இப்பருத்தி தந்த ஏமாற்றம் உழவரின் கடன்சுமையைக் கூட்டியிருக்கலாம் என்பதை அது மறுக்கவுமில்லை.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மீள்வருகை

புழுக்கள் நச்சுக்குப் பழகாமலிருக்க, 20 விழுக்காடு நிலத்திலோ வயலைச் சுற்றி ஐந்து வரிசைகளிலோ சாதாரணப் பருத்தியைப் புகலிடப் பயிராக நட வேண்டும் என்பது விதியாக இருந்தது. சிறு நிலத்தில் புழுவுக்கென இடம் ஒதுக்கப் பல உழவர் முன்வரவில்லை. ஒட்டுச் செடியின் காய்க்குள் உருவாகும் விதைகளில் ஒரு பகுதி நச்சுப் புரதம் இல்லாமலே அமைவதும், பயிர் பல மாதம் வயலில் நிற்பதும் புழுவுக்கு வாய்ப்பளித்தன.

முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் வென்றுவிட்டதை 2010இல் மான்சாண்டோ அறிவித்தது. இரண்டு மரபணுக்கள் கொண்ட போல்கார்டு 2 பருத்தி 2006 முதல் விற்பனையில் இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் இப்புழுவிடம் தோற்றது. 2017இல் மகாராட்டிரத்தில் பெருஞ்சேதம் ஏற்பட்டது. அதே ஆண்டு யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தபோது நச்சேறி 20 பேர் வரை இறந்தனர். 2018 வாக்கில் இந்திய உழவர் பூச்சிமருந்துக்குச் செலவிட்ட தொகை பி.டி. வருகைக்கு முன்பிருந்ததைவிட அதிகம் எனக் கிராந்தியும் ஸ்டோனும் காட்டினர்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு பி.டி. பருத்தியுடன் மலட்டு அந்துப்பூச்சிகளை வெளியிடுதல் உள்ளிட்ட முறைகளையும் கையாண்டனர். இளஞ்சிவப்புக் காய்ப்புழு முற்றாக ஒழிக்கப்பட்டதாக 2018இல் அந்நாடு அறிவித்தது.

மதிப்பீடு

அமெரிக்கன் காய்ப்புழுவிடமிருந்து பி.டி. பருத்தி தந்த பாதுகாப்பு உண்மையானது. தொடக்க ஆண்டுகளில் மருந்துச் செலவு குறைந்ததும் உண்மை. ஆனால் அப்பயன் நிலைக்கவில்லை. எல்லா உழவருக்கும் சமமாகவும் கிடைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் நாட்டின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு 450 கிலோவை ஒட்டியே உள்ளது. நீர்வசதி, விதை விலை, பயிர்க் காலத்தின் நீளம், புகலிடப் பயிர் ஆகியவையே உழவர் கையில் எஞ்சிய தொகையைத் தீர்மானித்தன. குறுகிய காலத்தில் முதிரும் ரகங்களை நெருக்கமாக நட்டு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகும் முன்பே அறுவடையை முடிக்கும் முறையை ஆராய்ச்சி நிலையங்கள் இப்போது பரிந்துரைக்கின்றன.