மீசையும் மெய்ம்மையும்

பணிக்குரியவரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களில் வள்ளுவப் பெருந்தகை இதனை ஆராய்ந்துள்ளார். ஒருவருடைய பெருமையையும் சிறுமையையும் உரைத்துப் பார்க்கும் கல் அவருடைய செயலே என்பது அவர் கண்ட முடிபு. அம்முடிபை மறந்த முதலாளி ஒருவரும், அம்மறதியைப் பயன்படுத்திக்கொண்ட இளைஞன் ஒருவனும் சந்தித்தால் யாது நிகழும்? அதனை நகைச்சுவை ததும்பக் காட்டிய படமே 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தில்லு முல்லு’.

இதன் வேர் வடநாட்டில் உள்ளது. ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979இல் இயக்கிய ‘கோல்மால்’ என்னும் இந்திப் படத்தைக் கே. பாலசந்தர் தமிழுக்குக் கொணர்ந்தார். உரையாடலை விசு எழுத, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ வழியாகப் பாலசந்தர் அறிமுகப்படுத்திய ரஜினிகாந்த், இதில் முழுநீள நகைச்சுவை வேடம் ஏற்றார். முதலாளி ஸ்ரீராமச்சந்திரமூர்த்தியாக நடித்தவர் தேங்காய் சீனிவாசன். அவர் பிறந்தது 1937இல். ரஜினிகாந்த் பிறந்தது 1950இல். இடையே பதின்மூன்று ஆண்டுகளே இருப்பினும், திரையில் ஒரு முழுத் தலைமுறை இடைவெளி தோன்றியது அந்நடிகரின் திறத்தால்.

மீசையே ஆண்மகனின் ஒழுக்கத்திற்குச் சான்று என்பது முதலாளியின் கொள்கை. விளையாட்டிலும் நாகரிகத்திலும் நாட்டமுள்ள இளைஞரை அவர் வெறுப்பவர். இதனை முன்னரே அறிந்த இளைஞன், மீசையும் எளிய உடையும் பணிவும் பூண்டு நேர்முகத்தில் வென்றுவிடுகிறான். பின்னர்க் காற்பந்தாட்டம் காணச் சென்றவன் முதலாளியின் கண்ணிற் படுகிறான். வேலையைக் காத்துக்கொள்ள, மீசையில்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் தனக்கு இருப்பதாகக் கதை கட்டுகிறான். ஒரு பொய் மற்றொரு பொய்யை ஈன்று பெருகுவதே எஞ்சிய கதை.

இக்கதை மலாக்கா மாநிலத் தமிழர்க்கு அயலானதன்று. மலாயாவில் வாணிக நோக்கில் ரப்பர் முதன்முதல் பயிரிடப்பட்டது அம்மாநிலத்திலேயாம். 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், அடுத்துப் புக்கிட் அசஹானிலும் தான் சாய் யான் அதனைத் தொடங்கினார். ரப்பர் பரவப் பரவத் தமிழ்த் தொழிலாளரும் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் குடியேறினர். அவர்களை அழைத்துவந்த கங்காணி, உறவினராகவும் ஊரவராகவும் மேலாளராகவும் ஒருங்கே விளங்கினார். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்த பின்னரும், அம்மனப்பாங்கு உடனே மறையவில்லை. விடியற்காலைப் பெரட்டில் மண்டோரின் முன்னும் கிராணியின் முன்னும் நின்ற இளைஞன், தன் கைத்திறனை மட்டுமன்று, பணிவையும் காட்ட வேண்டியிருந்தது. அவ்விளைஞனே மாலையில் திடலில் பந்துதைத்தான்.

முதியோரின் அளவுகோல் பொருளற்றது என்று தள்ளிவிடலாகாது. வெறுங்கையோடு கடல்கடந்து வந்தோர்க்குக் கட்டொழுங்கே முதலீடாக அமைந்தது. பிள்ளைகள் தோட்டத்தை விட்டு நகரத் தொழிற்சாலைகளில் நேர்முகத்திற்குச் சென்ற காலத்திலும், அக்கட்டொழுங்கே அவர்களைக் காக்கும் என அவர்கள் நம்பினர். ஆனால் ஒழுங்கின் அடையாளத்தையே ஒழுங்கெனக் கொண்டபோதுதான் தவறு நேர்ந்தது. அடையாளத்தை மட்டும் கேட்பவரிடம், அடையாளத்தை மட்டும் கொடுக்க இளையோர் கற்றுக்கொள்வர்.

தில்லு முல்லுவின் நகைப்பு இவ்விடத்திலேயே பிறக்கின்றது. எனினும் படம் முதியவரை எள்ளி நகையாடுவதோடு நின்றுவிடவில்லை. உண்மை வெளிப்பட்டதும் அவர் கொள்ளும் சினத்தில், மகனைப் போல் நம்பியவன் ஏமாற்றிவிட்டானே என்னும் வருத்தமும் கலந்துள்ளது. இளைஞனின் உழைப்பு பொய்யன்று. அவனிடம் முதியவர் வைத்த அன்பும் பொய்யன்று. இடையில் நின்ற மீசை ஒன்றே பொய். அது விலகிய பின்னரே இரு தலைமுறையினரும் உண்மையாக உறவாட முடிகின்றது.

2013இல் சிவாவும் பிரகாஷ்ராஜும் நடிக்க இப்படம் அதே பெயரில் மீண்டும் எடுக்கப்பட்டமை, இச்சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதை உணர்த்தும். தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாறிவிட்டன. பெரட்டு முறையும் நினைவாகி வருகின்றது. ஆயினும் வீட்டிலும் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் மூத்தோர் இளையோரை இன்றும் அளந்துகொண்டே இருக்கின்றனர். தோற்றத்தை அளப்பதா, செயலை அளப்பதா என்பதை அவர்களே முடிவுசெய்தல் வேண்டும்.