சோழமண்டலக் கரை ஊர்ப்பெயர்களின் உச்சரிப்பு

பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் இடைப்பட்ட கரையோர ஊர்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: ஊரார் வாயில் வழங்குவது ஒன்று, ஐரோப்பிய வணிகர் வரைபடத்தில் ஏற்றியது மற்றொன்று. பின்னதைப் படித்துவிட்டு வழி கேட்பவரே திண்டாடுகிறார்.

இத்திரிபு மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி, காவிரிப்பூம்பட்டினத்தைக் 'கபேரிஸ்' என்று எழுதினார். பின்னர் வந்த போர்த்துக்கேயர் சோழமண்டலத்தின் ழகரத்தை ரகரமாக்கினர். சகரத்துக்கு அவர்கள் இட்ட எழுத்துகளை மற்ற ஐரோப்பியர் ககரமாகப் படிக்க, 'கோரமண்டல்' பிறந்தது. 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்த பழவேற்காடு 'புலிகாட்' ஆனது. சதுரங்கப்பட்டினம் 'சட்ராஸ்' எனக் குறுகியது. பரங்கிப்பேட்டையின் 'போர்ட்டோ நோவோ' மட்டும் திரிபு அன்று. போர்த்துக்கேய மொழியில் அதற்குப் புதுத் துறைமுகம் என்று பொருள். ஊராரோ வந்திறங்கிய பரங்கியரையே பெயராக்கிவிட்டனர்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனியர் பெற்ற தரங்கம்பாடி, 'டிராங்கேபார்' என்றாயிற்று. அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலா ஏடுகள் சொல்வது இனிய கற்பனையே. பாடி என்பது இங்கே குடியிருப்பு. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டிலும் ஊர்ப்பெயர் 'சடங்கன்பாடி' என்றே உள்ளது.

ஆங்கிலப் பலகையை நம்பி உச்சரிப்பவர் இடறுவது பெரும்பாலும் வல்லினத்தில். தரங்கம்பாடியின் பகரம், மகரத்தை அடுத்து வருவதால் 'பம்பர'த்தின் இரண்டாம் பகரம்போல் மெலிந்து ஒலிக்கும். கடலூரின் டகரமும் அப்படியே. அதை இரட்டிக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டு, போதாக்குறைக்கு ஊரை 'ஓர்' ஆக்கியும் கெடுக்கிறது. 'பட்டின'த்தின் இரட்டை டகரத்தையோ அழுத்தியே சொல்ல வேண்டும். பேச்சில் அது 'பட்ணம்' ஆகும். ஈற்று மகரம் மூக்கொலியாகத் தேயும். ழகரத்துக்கு நுனிநாக்கை மேலே வளைத்தால் போதும், அண்ணத்தில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் ளகரமாகிவிடும்.

உள்ளூர்ச் சுருக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். நாகப்பட்டினம் நாகை, புதுச்சேரி எழுத்தில் புதுவை, பேருந்து நிலையத்தில் 'பாண்டி'.

ஆங்கில எழுத்துக்கூட்டைத் திருத்தும் முயற்சியும் நிலைக்கவில்லை: 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, அதே மாதத்தில் திரும்பப் பெற்றது.