விண்மீன் பயணமும் வழியில் பிறப்போரும்

மனிதர் இதுவரை கால்பதித்த வேற்றுலகம் நிலவு ஒன்றே. ஆயினும் கதிரவனைக் கடந்து, அடுத்த விண்மீனுக்கே மனிதரை அனுப்பும் திட்டங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அறிஞர்களால் தீட்டப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றேனும் செயல்வடிவம் பெற்றதில்லை. எனினும், எந்திரத்தைப் பற்றிய கேள்வி படிப்படியாக மனிதரைப் பற்றிய கேள்வியாக மாறியதை அவற்றின் வரலாறு காட்டுகின்றது.

கதிரவனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதன் தொலைவு 4.24 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. அவ்வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கும் மேலாகும்.

1918இல் அமெரிக்க ராக்கெட் முன்னோடியான ராபர்ட் கோடார்ட், கதிரவன் அணையும் காலத்தில் மனித இனம் வேறு விண்மீன்களை நாடிச் செல்வது குறித்து ஒரு குறிப்பு எழுதி, உறையிலிட்டு மூடிவைத்தார். அவர் மறைந்த பின்னரே அது அச்சேறியது. பிரிட்டிஷ் அறிவியலறிஞர் ஜே.டி. பெர்னால் 1929இல் வெளியிட்ட நூலில், பத்து மைல் விட்டமுள்ள உட்குழிவான கோளத்தில் இருபது முப்பதாயிரம் பேர் வாழும் விண்குடியிருப்பைக் கற்பனை செய்தார். அத்தகைய குடியிருப்பே தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்து விண்மீன்களை அடையக்கூடும் என்பது அவர் கருத்து.

அணு யுகம் இக்கனவுக்குக் கணக்கைத் தந்தது. அணுகுண்டுகளை அடுத்தடுத்து வெடித்துக் கலத்தை உந்தும் ஓரியன் திட்டம் அமெரிக்காவில் 1958இல் தொடங்கிற்று. 1963ஆம் ஆண்டின் அணுவெடிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தால் தளர்ந்து, 1965இல் அது கைவிடப்பட்டது. அதில் பணியாற்றிய இயற்பியலறிஞர் ஃப்ரீமன் டைசன் 1968இல் அக்கருத்தை விண்மீன்கள் வரை நீட்டினார். 4 லட்சம் டன் எடையுள்ள கலம், 3 லட்சம் ஹைட்ரஜன் குண்டுகள், நொடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகம் என்பது அவர் கணக்கு. அவ்வாறாயினும் பயணம் ஒரு நூற்றாண்டைத் தாண்டும். புறப்பட்டவர் எவரும் போய்ச் சேரார்.

பிரிட்டிஷ் கோளிடைக் கழகம் 1973 முதல் 1978 வரை தீட்டிய டீடலஸ் திட்டம் இச்சிக்கலைத் தவிர்த்து, ஆளில்லாக் கலத்தையே வகுத்தது. சுமார் 6 ஒளியாண்டு தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீனை அது 50 ஆண்டுகளில் அடையும். கலத்தின் எடை 54,000 டன். அதில் எரிபொருள் மட்டும் 50,000 டன். அத்தனை இருந்தும் அங்கே நிற்க அதனால் இயலாது. விண்மீனைக் கடந்து சென்றுவிடும்.

பின்வந்த ஆய்வுகள் பயணிகள் பக்கம் திரும்பின. 1991 முதல் 1993 வரை அரிசோனாவின் மூடிய கண்ணாடி உலகமான பயோஸ்பியர் இரண்டில் எண்மர் வாழ்ந்து பார்த்தனர். உள்ளிருந்த ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டளவுக்குக் குறைந்தது. வெளியிலிருந்து செலுத்த நேர்ந்தது. விண்வெளியில் அத்தகைய வெளி இல்லை. பிராக்சிமாவுக்கு 6,300 ஆண்டுகள் பயணம் செய்ய, தொடக்கத்தில் குறைந்தது 98 பேர் தேவை என 2018இல் ஃபிரெடரிக் மாரினும் உடன் ஆய்வாளரும் கணித்தனர்.

மொழியும் ஆராயப்பட்டது. தலைமுறைகளின் போக்கில் கலத்தின் மொழி புவியின் மொழியிலிருந்து விலகிவிடும் என்று மெக்கென்சி, பன்ஸ்கி என்னும் மொழியியலாளர் 2020இல் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் சங்கப் பாடல்களுக்கே உரை தேவைப்படும் மொழிச் சூழலில் வாழ்வோருக்கு இது எளிதில் விளங்கும். 6,300 ஆண்டுகள் அதனினும் மும்மடங்கு. புறப்பட்டோர் எழுதிவைத்த நோக்கத்தையும் கட்டளையையும் போய்ச் சேர்வோர் எவ்வாறு படிப்பர்?

இக்கேள்வியை இலக்கியம் முன்னரே எழுப்பிவிட்டது. ராபர்ட் ஹைன்லைன் 1941இல் எழுதிய கதையில், கலத்தில் பிறந்தவர்கள் தாம் பயணம் செய்வதையே மறந்து, கலத்தையே பிரபஞ்சம் என நம்புகின்றனர். 2015இல் வெளிவந்த கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'அரோரா' நாவலில், போய்ச் சேர்ந்தோருள் ஒரு பகுதியினர் புவிக்கே திரும்ப முடிவு செய்கின்றனர்.

புறப்படுவோர் இசைந்து செல்கின்றனர். இடையில் பிறப்போரோ புவியையும் காணார், சேருமிடத்தையும் காணார். பிறக்கும் இடத்தை எவரும் தேர்ந்து பிறப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் பிறந்த ஊரைவிட்டு வெளியேற ஒரு வழியேனும் புவியில் உண்டு. கலத்தில் அவ்வழி எரிபொருளாகவே இருக்க முடியும். கடந்து செல்ல ஓர் அளவு, நிற்க மேலும் ஓர் அளவு, திரும்ப அதனினும் பன்மடங்கு. ஆகவே பிறக்கப்போகும் தலைமுறையின் உரிமை டன் கணக்கில் நிறுக்கத்தக்க ஒன்றாகின்றது. அந்த எடையைச் சேர்த்துக்கொள்ளாத திட்டம், வழியில் பிறப்போரைப் பயணிகளாக அல்லாமல் சுமையாகவே ஏற்றிச் செல்லும்.